இலவச சட்ட உதவிக்கு வர விரும்பும் ஜூனியருக்கு

கேள்வி: வக்கீலாக என்ரோல் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. சீனியர் ஒருவரிடம் சிவில், கிரிமினல் இரண்டும் பார்க்கிறேன். வாரத்தில் ஒருநாள் எங்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பணம் எதிர்பார்க்காமல் வேலை செய்ய ஆசை. சேர்த்துக்கொள்வார்களா? என்ன வேலை தருவார்கள்?

பதில்: 'தன்னார்வலர் தேவை' என்ற அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பம் எழுதிவிடாதீர்கள். ஜூனியர்கள் பலரும் அங்கேதான் வழி தவறுகிறார்கள். அந்த அறிவிப்பு பாரா லீகல் வாலண்டியர்களுக்கானது, அதாவது வக்கீல் அல்லாத சட்ட உதவித் தொண்டர்களுக்கானது. ஓய்வுபெற்ற ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், சட்டக் கல்லூரி மாணவர் போன்றவர்கள் அதற்கு வரலாம். மாணவருக்கும் என்ரோல் ஆகும் நாள்வரைதான் அந்த இடம்.

வக்கீலுக்கு உரியது பேனல், அதாவது இலவச வழக்குகளை நடத்த ஆணைக்குழு வைத்திருக்கும் வக்கீல் பட்டியல். 2010ஆம் ஆண்டு தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு விதிமுறைகளின்படி, சாதாரணமாக 3 வருட அனுபவம் இல்லாதவரைப் பேனலில் சேர்ப்பதில்லை. 'சாதாரணமாக' என்ற சொல்லை நம்பி இப்போதே போய் நிற்பதைவிட இன்னும் ஒரு வருடம் பொறுப்பது நல்லது. 3 வருடத்துக்கு ஒருமுறை பேனலை மாற்றி அமைப்பார்கள். அந்த அறிவிப்பைத் தவறவிடாமல் இருந்தால் போதும். பேனல் வழக்குக்கு ஆணைக்குழுவே சிறு தொகை கொடுக்கும். கட்சிக்காரரிடம் எந்தப் பெயரிலும் எதையும் வாங்கக் கூடாது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பேனலில் இருக்கும் வக்கீல் ஒருவருக்குத் துணையாக, ஆணைக்குழுச் செயலரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சிறையில் நடக்கும் சட்ட உதவி மையத்துக்குப் போய்வாருங்கள். நான் ஜூனியராகப் போன முதல் நாளில், திருட்டு வழக்கில் உள்ளே இருந்த ஒருவர் சோப்பு உறையின் பின்பக்கத்தில் தன் ரிமாண்டு தேதியை எழுதி வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் 63 நாள் ஆகியிருந்தது. குற்றப்பத்திரிகை வரவில்லை. மறுநாள் காலையிலேயே ஜாமீன் மனு போட்டோம். மதியம் போலீஸ் குற்றப்பத்திரிகையோடு வந்தது. மனு முந்திவிட்டதால் அவர் வெளியே வந்தார். வரிசை மாறியிருந்தால் அந்த உரிமையே போயிருக்கும்.

குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் இந்த உரிமை, இன்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 187(3)இல் இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது 10 வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60. முதல் ரிமாண்டு நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சிறையில் யாரைப் பார்த்தாலும் வழக்குக் கதைக்கு முன்னால் ரிமாண்டு தேதியைக் கேளுங்கள்.

இன்னொன்று, யாருக்கு உதவி கிடைக்கும் என்பது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12ஐ ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்ணின் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துவிட்டு 'வருமானச் சான்றிதழ் எங்கே?' என்று கேட்பது சட்டம் தெரியாதவர் கேட்கும் கேள்வி.

சமரசமாக வழக்கை முடிக்கும் லோக் அதாலத்திலும் (மக்கள் நீதிமன்றம்) துணைக்கு ஆள் தேவைப்படும். அங்கே ஆகும் தீர்வுக்கு அப்பீல் இல்லை. கையெழுத்துக்கு முன் சமரச நிபந்தனைகளைக் கட்சிக்காரருக்குத் தமிழில் வரிக்கு வரி படித்துக் காட்டுவதை நீங்கள் ஏற்றுக்கொண்டாலே பெரிய உதவி. மத்திய நீதித் துறை 2017இல் தொடங்கிய 'நியாய பந்து' திட்டமும் கட்டணமில்லாமல் வாதாட முன்வரும் வக்கீல்களுக்கானதுதான்.

'லீகல் எய்டு டிஃபென்ஸ் கவுன்சில்' என்று விளம்பரம் வந்தால் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது முழுநேர வேலை. சம்பளம் உண்டு, வெளியே பிராக்டிஸ் பண்ண முடியாது. ஜி.பி. (அரசு வக்கீல்) ஆபீசில் ஜூனியராக உட்காரும் யோசனை இருந்தால் அது வேறு கதை. அங்கே உங்கள் கட்சிக்காரர் அரசு. அங்கே பார்த்த கட்டுக்கு எதிர்த்தரப்பில் பிறகு வக்காலத்து போட முடியாது.

இதே சிக்கல் சீனியர் ஆபீசிலும் வரும். ஒரு கேஸ் கட்டைத் தொடுவதற்கு முன் எதிர்த்தரப்பின் பெயரைப் பாருங்கள். உங்கள் சீனியரின் கட்சிக்காரராக இருந்தால் அப்போதே சொல்லிக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சீனியரிடமும் முதலிலேயே வாய்விட்டுக் கேட்டுவிடுவது மரியாதை.

'வாரத்தில் ஒருநாள்' என்ற உங்கள் கணக்குதான் எனக்கு இடிக்கிறது. முகாமுக்கும் சிறைக்கும் அது சரி. பேனலில் சேர்ந்தபின் வாய்தா எந்தக் கிழமையில் விழும் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும், நீங்களல்ல. இலவச வழக்கு என்பதால் வக்கீல் வராமல் போக, எக்ஸ்பார்ட்டி ஆனவர்களை, அதாவது தங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வாங்கியவர்களை, நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் இரண்டு வழக்குக்கு மேல் வாங்காதீர்கள். ஒவ்வொரு வாய்தா தேதியையும் சீனியர் டைரியிலும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.