சீரியலில் சாப்பாட்டு மேசையைப் பாருங்கள், தம்பி

தென்கொரியாவின் சுவோன் நகரத்துக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, பள்ளியில் படிக்கும்போதே தமிழ் பேசும் கொரியத் தொடர்களைப் பார்த்துப் பைத்தியமானவன் நான். இங்கே வந்த பிறகும் வேலை முடிந்து அறைக்கு வந்தால் கப்பில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் ராம்யோன் நூடுல்ஸும் சீரியலும்தான். படுக்க இரண்டு மணி ஆகிறது. கறி, மீன் சாப்பிட மாட்டேன், முட்டை உண்டு. வயிறு கெட்டுப் போச்சு. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? சீரியலை விட்டுவிடட்டுமா?"

சீரியலை விட வேண்டாம் தம்பி. ராம்யோனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தச் சின்னப் பொட்டலத்துப் பொடியில் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறோ மீன், நண்டு வகையறாவோ இருக்கும். மூன்று மாதமாகத் தெரியாமல் குடித்திருக்கிறீர்கள். போகட்டும், இங்கே வந்த பலருக்கும் நடந்ததுதான்.

நான் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. முதல் வருடம் நான் செய்த முட்டாள்தனம் வேறு மாதிரி. கொரியச் சாப்பாடு பக்கமே போகமாட்டேன் என்று இருந்தேன். துவரம்பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாவற்றுக்கும் சியோலில் இதேவோன் மசூதிப் பக்கத்துக் கடைகளுக்கு ரயிலேறிப் போவோம். போய் வந்தால் சனிக்கிழமை முடிந்தது. அவ்வளவு பாடுபட்டு வைத்த சாம்பாரை இந்த ஊர்க் குண்டரிசிச் சோற்றில் ஊற்றினால், சோறு உருண்டை கட்டிக்கொண்டு சாம்பாரோடு சேரமாட்டேன் என்று நிற்கும். எனக்கும் அந்தச் சோற்றுக்கும் தினமும் சண்டை.

அப்போது மேல்வீட்டில் வீட்டுக்காரப் பாட்டி இருந்தார். ராத்திரி எட்டரைக்கு டிவியைப் போடு, பேச்சு தானாக வரும் என்று கையைக் காலை ஆட்டிப் புரிய வைத்தார். தினத்தொடர் அது. திங்கள் முதல் வெள்ளி வரை ஓடும், நூறு அத்தியாயத்துக்கு மேல் இழுப்பார்கள், மாமியார் சண்டை, மறைத்து வைத்த பிள்ளை என்று நம் ஊர் சீரியலின் ஒன்றுவிட்ட சகோதரி. ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாததால் சாப்பாட்டு மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அந்தக் குடும்பம் எப்போது பார்த்தாலும் சாப்பிட உட்கார்ந்தது. இடது பக்கம் சோற்றுக் கிண்ணம், வலது பக்கம் சூப், நடுவில் நாலைந்து குட்டித் தட்டுகளில் பான்ச்சான் என்கிற தொடுகறிகள். பணக்கார வீடானாலும் ஏழை வீடானாலும் இதே அமைப்பு. சோற்றின் மேல் யாரும் எதையும் ஊற்றிப் பிசையவில்லை. சோறு தனி, சூப் தனி, ஒரு வாய் இது, ஒரு வாய் அது. சண்டை எங்கே என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த அரிசியைக் குழம்பு ஊற்றிச் சாப்பிடப் பார்த்தது என் தப்பு. (தயிர்சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் அதே அரிசி பிரமாதமாக வரும். குழைவது அதன் குணம்.)

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: நாயகன் போட்டிருக்கும் கோட்டையும் மழையில் பிடிக்கிற குடையையும் எல்லோரும் பார்க்கிறார்கள், நீங்கள் மேசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சீரியல்களில் உங்கள் சம்பளத்துக்குள், உங்கள் அறைக்குள் நாளைக்கே கிடைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

எங்கிருந்து தொடங்குவது? சோறு, ஒரு சூப், இரண்டு தொடுகறி. அவ்வளவு போதும். ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்கிவிடுங்கள்.

முதல் தொடுகறி கீரை. ஒரு கட்டு பசலைக்கீரையை உப்புப் போட்ட கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, இரண்டு கையாலும் நன்றாகப் பிழியுங்கள். கொஞ்சம் சோயா சாஸ், ஒரு பல் பூண்டு நசுக்கியது, அரை ஸ்பூன் எள்ளெண்ணெய், மேலே வறுத்த எள். நாமுல் என்பார்கள். கைக்குப் பத்து நிமிட வேலை. எள்ளெண்ணெய் விஷயத்தில் ஜாக்கிரதை. நல்லெண்ணெய்தானே என்று நான் இந்த ஊர் சாம்கிரும் ஒரு குட்டிப் பாட்டிலைக் கவிழ்த்து வத்தக்குழம்பு தாளித்தேன். எள்ளை நன்றாக வறுத்து ஆட்டிய எண்ணெய் அது. வாசனைக்குக் கடைசியில் சில சொட்டு விடுவது. வீடு மூன்று நாள் வறுத்த எள் நாறியது, குழம்பைக் கொட்டினேன். விலையைச் சொல்ல மனமில்லை.

இரண்டாவது, கொங்நாமுல் என்கிற சோயா முளை. அதை வேகவைக்கும்போது ஒரு விதி: மூடியைப் போட்டால் வேகும் வரை திறக்கக் கூடாது, திறந்து வைத்தால் கடைசி வரை திறந்தே இருக்க வேண்டும். நடுவில் எட்டிப் பார்த்தால் பச்சை வாடை வந்துவிடும். பாட்டி என் கையைத் தட்டிவிட்டுச் சொல்லித் தந்தது.

சூப்புக்கு துவென்ஜாங், அதாவது சோயாவைப் புளிக்க வைத்த விழுது. கடையில் ஜிகே என்கிற கெட்டிக் குழம்புக்கென்றே தனியாக விற்கும் துவென்ஜாங் டப்பாவில் பல நேரம் நெத்திலியும் கிளிஞ்சலும் சேர்த்திருப்பார்கள், பொருட்பட்டியலைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்து வாங்குங்கள். வீடுகளில் நெத்திலி போட்டுத்தான் தண்ணீர் காய்ச்சுவார்கள். நமக்குக் காய்ந்த கடற்பாசித் துண்டும் காய்ந்த காளானும் போதும். அதைவிடச் சுலபம், அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர். கொரியப் பாட்டிகளும் அதில்தான் விழுதைக் கரைப்பார்கள். செட்டிநாட்டில் மண்டி வைப்பதும் அந்தத் தண்ணீரில்தானே! சுரைக்காய் மாதிரி இருக்கும் இந்த ஊர் ஹோபாக், வெங்காயம், தோஃபு, ஒரு பச்சைமிளகாய். கொதித்து இறக்கினால் ராம்யோனை விட ஐந்து நிமிடம்தான் கூடுதல்.

தினமும் சமைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதற்குத்தான் பான்ச்சான் கடைகள். நம் சுவோனிலேயே பால்தால்முன் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் மோத்கோல் சந்தை இருக்கிறது, சனிக்கிழமை போங்கள். மூன்று டப்பா பத்தாயிரம் வோன் என்று எழுதிப் போட்டிருக்கும் கடையைப் பார்த்தால் நில்லுங்கள். கருப்புச் சோயாப் பயறு இனிப்பாக வதக்கியது, தாமரைக்கிழங்கு, கீரை, காளான். நான்கு நாள் தாங்கும். கடைக்கார அம்மாவை "இமோ" என்று கூப்பிடுங்கள், கூட ஒரு கரண்டி விழும். இமோ என்றால் அம்மாவின் சகோதரி. அப்பாவின் சகோதரிக்குக் கோமோ என்று தனிச் சொல். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே ஆன்ட்டி, இங்கே நம்மைப் போலச் சித்தி வேறு, அத்தை வேறு. அப்பாவை அப்பா என்றும் புல்லைப் புல் என்றும் சொல்வதை நீங்களே கவனித்திருப்பீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். அதை வைத்து வரலாறு கட்டும் ஆட்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும்.

இமோவிடம் "கோகி பே ஜுசெயோ", கறி வேண்டாம் எடுத்துவிடுங்கள், என்று சொன்னால் கறியை எடுத்துவிடுவார். ஹாமும் மீன் கேக்கும் அப்படியே இருக்கும். பல பேருக்கு அதெல்லாம் கறி கணக்கிலேயே வராது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் மறுக்க வேண்டும். கிம்ச்சியிலும் பொதுவாக மீன் சாறோ உப்பிட்ட இறால் கூனியோ உண்டு. சைவக் கிம்ச்சி இணையத்தில் கிடைக்கிறது. ஒரு தடவை கையில் காசு இருக்கும்போது சியோலில் ஜோக்யேசா புத்தர் கோயிலுக்கு எதிரே உள்ள கோயில் சாப்பாட்டுக்கடைக்குப் போய்வாருங்கள், எதையும் கேட்காமல் சாப்பிடலாம். பிக்குகள் பூண்டு, வெங்காயத்தாள் உட்பட ஐந்து காரப் பொருள்களை விலக்குவார்கள். அந்தப் பட்டியலில் ஐந்தாவது என்ன தெரியுமா? பெருங்காயம்! இந்த ஊரில் யாரும் பயன்படுத்தாத பொருளுக்குத் தடை. நம் ரசத்தை நினைத்துக்கொண்டேன்.

சரி, சீரியலுக்கு வருவோம். இரண்டு மணி வரை விழித்திருப்பதற்குக் காரணம் நீங்கள் இல்லை, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடிகிறது. நான் கண்டுபிடித்த வழி: அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாதீர்கள். அடுத்ததைப் போட்டு, கொக்கி அவிழ்ந்ததும், பதினைந்தாம் நிமிடத்தில் அணையுங்கள். நடுவில் நிற்கும் கதை அவ்வளவாக இழுக்காது. பதினாறு அத்தியாயத் தொடர் எனக்கு மூன்று வாரம் வருகிறது, சாப்பிடும் நேரத்தில் மட்டும்.

எதைப் பார்ப்பது என்றால், மேசைக்காகப் பார்க்க 2015இல் வந்த 'ரிப்ளை 1988'ஐத் தாண்டி எனக்கு ஒன்றும் இல்லை. சியோலில் சாங்முன்தோங் என்ற பகுதியில் ஒரே சந்தில் ஐந்து குடும்பம். முதல் அத்தியாயத்திலேயே பிள்ளைகள் ஒரு வீட்டுக் கிண்ணத்தை இன்னொரு வீட்டுக்கும், அந்த வீட்டுக் கிண்ணத்தை இன்னொன்றுக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் தெருவில் நானும் அப்படி ஓடியிருக்கிறேன், பார்த்துக்கொண்டே அழுதேன். 'அட்டர்னி வூ' பார்த்திருப்பீர்கள். அவள் தினமும் கிம்பாப், அதாவது கடற்பாசித் தாளில் சுருட்டி வெட்டிய சோறு, சாப்பிடுவது உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிவதால்தான். கறி சாப்பிடாதவருக்கு அவள்தான் குரு. 2003இல் தொடங்கிய 'தே ஜாங் கும்' அரண்மனைச் சமையலறைக் கதை, 54 அத்தியாயம், அழகு. ஆனால் அதில் பேசுவது அரசர் காலத்துக் கொரிய மொழி. கடையில் போய் அப்படிப் பேசினால் சிரிப்பார்கள்.

மொழி என்றதும் ஒன்று. காதல் தொடர்களில் பேசுவதெல்லாம் பான்மல், நெருங்கியவர்களுக்குள் பேசும் நீ, வா, போ. என் மகளின் மழலையர் பள்ளித் தலைமையாசிரியை என்னவோ சொல்ல, நான் சீரியலில் கற்ற பெருமையில் "அராஸ்ஸோ" என்றேன். "சரிடீ, தெரியும்" என்ற மாதிரி. வயது அறுபது இருக்கும் அந்த அம்மாவுக்கு. முகம் அப்படியே நின்றுவிட்டது. "அல்கெஸ்ஸும்னிதா" என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் டீம் லீடரிடம் நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க, தினத்தொடர்களைக் கொரிய சப்டைட்டிலோடு பாருங்கள். மருமகள் மாமனாரிடம் பேசுவது, கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் அதில்தான் சரியாக வரும். இன்னொன்று, எந்தப் பெண்ணிடமும் "ராம்யோன் சாப்பிட்டுப் போறீங்களா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கு இங்கே வேறு அர்த்தம். விளக்கத்தை ஆபீஸ் நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"பாப் மொகொஸ்ஸொயோ", சாப்பிட்டீங்களா, என்று கேட்டால் அது நம் ஊர் சாப்பிட்டாச்சா போல வெறும் விசாரிப்பு. "ஒரு நாள் சேர்ந்து சாப்பிடுவோம்" என்பதும் பெரும்பாலும் அப்படித்தான். நான் ஒரு மாதம் காத்திருந்தேன். ஆனால் மதியம் சாப்பாட்டுக்கு யாராவது நிஜமாக எழுந்து உங்களைப் பார்த்தால் உடனே கிளம்பிவிடுங்கள். இரண்டு பேருக்குக் குறைந்து தரமாட்டோம் என்கிற கடைகள் இன்னும் நிறைய, தனியாகப் போனால் பாதி ஊரைச் சுவைக்கவே முடியாது.

அப்புறம், சீரியலில் யாரும் செய்து காட்டாத ஒரு வேலை: மிச்சச் சாப்பாட்டைத் தனியாகக் கொட்டுவது. பல அடுக்குமாடிகளில் அட்டையைக் காட்டினால் தொட்டி திறந்து, எடை போட்டு, அதற்குக் காசு பிடிக்கும். முட்டை ஓடும் வெங்காயத் தோலும் அதில் போகக் கூடாது, சாதாரணக் குப்பை. அளவாகச் சமைக்க இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

தயிர் கடையில் பெரும்பாலும் இனிப்போடுதான் இருக்கும். பால் வாங்கி வீட்டிலேயே உறை ஊற்றுங்கள். குளிர்காலத்தில் இங்கே வீட்டுத் தரையையே சூடாக்குவார்களே, அதன் மேல் ஒரு துணி விரித்துப் பாத்திரத்தை வைத்தால் இரவோடு இரவாகக் கெட்டியாகத் தோய்ந்துவிடும். உறைமோர் என்னிடம் இருக்கிறது. சந்தைக்கு வரும் சனிக்கிழமை ஒரு மூடி போட்ட டப்பா எடுத்து வாருங்கள், தருகிறேன்.