தூக்கமில்லாவிட்டால் ஆபீஸ் வேலை உண்மையிலேயே கெடுமா, இல்லை அது ஊழியர்கள் சொல்லும் சாக்கா?

‘சாக்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். கேட்டவர் நாலு பேரை வைத்து வேலை வாங்குபவராகத்தான் இருக்க வேண்டும். ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர் இப்படிக் கேட்க மாட்டார்.

யாங்கோனில் பருப்பு ஏற்றுமதி செய்யும் சின்ன ஆபீஸ் ஒன்றில் பில் போடுகிறேன். உளுந்தும் துவரையும் சென்னைக்குப் போகும். உளுந்தில் எஃப்ஏக்யூ, எஸ்க்யூ என்று இரண்டு தரம், எஸ்க்யூவுக்கு விலை கூடுதல். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வேன் என்று பீற்றிக்கொள்வேன். தூக்கமே இல்லாதபோதுதான் தப்பாகச் சொன்னேன்.

2024 ஏப்ரல். மத்திய பர்மாவின் சௌக்கில் 48.2 டிகிரி பதிவான மாதம். எங்கள் தெருவுக்கு முறைவைத்துத்தான் கரண்ட். ராத்திரி ஒரு மணிக்கோ மூன்று மணிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் “மீ லாப்பி!” (கரண்ட் வந்தாச்சு!) என்று கத்துவார்கள். உடனே எழுந்து மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, அரிசியைக் குக்கரில் வைத்து, போனைச் சார்ஜில் போட வேண்டும்.

“அது மின்வெட்டு, தூக்கமின்மை இல்லையே” என்று எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். மழை பிடித்து, கரண்ட் ஓரளவு சீரான பிறகும், தலைக்கு மேலே ஃபேன் சுற்றும்போதும் நான் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். எப்போது போகுமோ என்று காது காவல் இருந்தது. தூங்க நேரமும் வசதியும் இருந்தும் தூக்கம் வராததுதான் நோய். வாரத்துக்கு மூன்று இரவு, மூன்று மாதம் இப்படிப் போனால் நாள்பட்டது என்று டாக்டர்கள் கணக்கு. எனக்கு ஐந்து மாதம் ஓடியது.

அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. வேலை மெதுவாகப் போகவும் இல்லை. ஒரு எண்ணைத் தட்டினால் அது சரி என்றே தோன்றும், திரும்பப் பார்க்கத் தோன்றாது. 480 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, 24 டன், எல்லாம் சரி. தரம் மட்டும் எஸ்க்யூவுக்குப் பதில் எஃப்ஏக்யூ, விலையும் அதற்கேற்ப. கப்பல் கம்பெனி சரக்குக்குக் கொடுக்கும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கிலும் அதுவே ஏறி, கப்பல் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. திருத்தக் கட்டணம் தனி. வாங்கியவர் குறைந்த விலையையே பிடித்துக்கொண்டார். “ராத்திரி போனை நோண்டாமல் தூங்கும்மா” என்றார் முதலாளி. சென்னையில் ராத்திரி ஒன்பது என்றால் இங்கே பத்து, அந்நேரத்துக்கு எனக்குப் போன் போடுவதே அவர்தான்!

2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, தூக்கமின்மை உள்ள ஊழியருக்கு வருடத்துக்குச் சுமார் 11 நாள் வேலை வீணாகிறது என்றது. லீவு எடுத்ததால் அல்ல, வந்து உட்கார்ந்தும் வேலை உருப்படாததால்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருத்தத்துக்காகச் சென்னைக்குப் போன் செய்தால், எதிர்முனையில் “பர்மாவா? அத்தோ நல்லா செய்வீங்களா?” சென்னையில் பர்மா நூடுல்ஸ் என்று விற்கும் அந்த அத்தோ என்ற பெயரில் தனியாக ஒரு பலகாரம் இங்கே கிடையாது. தோ என்றால் பிசைந்தது. நூடுல்ஸைப் பிசைந்தால் கௌஸ்வே தோ, லப்பே என்ற புளிக்கவைத்த தேயிலையைப் பிசைந்தால் லப்பே தோ. நாலு தலைமுறையாக இங்கே தமிழ் பேசுகிறோம், காவடி எடுக்கிறோம். எங்களைப் பற்றித் தெரிந்தது ஒரு நூடுல்ஸ்தானா? சரி, விடுங்கள்.

மாத்திரை கிடைக்கும் என்று டாக்டரிடம் போனேன். பன்னிரண்டுக்கு முன் படுக்காதே, ஐந்தரைக்கு மேல் படுக்கையில் இருக்காதே, தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார், மதியத்துக்குப் பிறகு டீ வேண்டாம் என்றார். முதல் வாரம் இன்னும் மோசம், ஆபீசில் பேனாவோடு தூங்கினேன். ஆறாவது வாரம் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரம் தூங்கினேன். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல வரவில்லை. வண்டி ஓட்டுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இப்போது நான் போடும் பில்லைப் பக்கத்து மேசைத் தம்பி மூட்டை, எடை, தரம் என்று வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிறான். போன மாதம் அவனுக்குக் குழந்தை பிறந்தது. அதனால் அவன் படித்ததை நான் இன்னொரு தரம் படிக்கிறேன்.