4 டிபி டிஸ்க் போட்டால் அளவு 0 என்கிறதே?

கேள்வி: எங்கள் கருவியில் யுஎஸ்பி டிஸ்க்குக்கான டிரைவர், ஸ்கசி-2 (டிஸ்க்குகளுக்கான பழைய கட்டளைத் தரநிலை) காலத்து விதிகளைப் பார்த்து யாரோ எப்போதோ எழுதியது. 1 டிபி டிஸ்க் நன்றாக ஓடுகிறது, 4 டிபி செருகினால் அளவு 0 என்று காட்டுகிறது. டிஸ்க் பழுதா, டிரைவரா?

பதில்: டிஸ்க்கைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள், அது உண்மையைத்தான் சொல்கிறது.

உங்கள் டிரைவர் அளவு கேட்க அனுப்புவது ரீட் கெப்பாசிட்டி 10 என்ற கட்டளை (பெயரில் வரும் 10, 16 எல்லாம் கட்டளையின் பைட் நீளம்). அதன் பதிலில் கடைசி பிளாக்கின் (டிஸ்க் தரவைப் பிரித்து வைக்கும் துண்டு) எண்ணுக்கு 32 பிட்தான் இடம். 512 பைட் பிளாக் என்றால் சுமார் 2.2 டிபியோடு சரி. அதைத் தாண்டிய டிஸ்க் 32 பிட்டையும் நிரப்பி 4294967295 என்று அனுப்பும், அதாவது "இதில் அடங்காது, ரீட் கெப்பாசிட்டி 16-ல் கேள்". வருவது கடைசி எண் என்பதால் மொத்தத்துக்கு ஒன்று கூட்ட வேண்டும், உங்கள் முன்னோர் கூட்டியிருப்பார், ஆனால் 32 பிட் மாறியில் கூட்டினால் சுற்றிக்கொண்டு 0-வில் வந்து நிற்கும்.

அளவை மட்டும் திருத்திவிட்டு நிறுத்தினால் இன்னும் மோசம். இப்போதாவது டிஸ்க் வேலை செய்யாமல் கிடக்கிறது. அப்புறம் ரைட் 10 கட்டளையில் பெரிய பிளாக் எண்ணின் மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டு, 2.2 டிபிக்கு அப்பால் எழுத நினைத்தது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழும், டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைத்திருக்கும் பார்ட்டிஷன் டேபிளே காலி. எனவே ரீட் 16, ரைட் 16 இரண்டையும் சேர்த்தே கொண்டுவாருங்கள், பிளாக் எண் போகும் வழியெல்லாம் 64 பிட்டாக இருக்கிறதா என்று பாருங்கள், கட்டளைக்கு 12 பைட் மட்டும் ஒதுக்கிய அரே எங்காவது ஒளிந்திருக்கும், அதையும்.

அதற்காக எல்லாச் சாதனத்துக்கும் 16-ஐ அனுப்பவும் கூடாது. சில மலிவு பென் டிரைவ்கள் தெரியாத கட்டளை வந்தால் மறுப்பதற்குப் பதில் அப்படியே தொங்கிவிடும். லினக்ஸும் பெரும்பாலான யுஎஸ்பி சாதனங்களிடம் முதலில் 10-ஐத்தான் கேட்கிறது, நிரம்பிய எண் வந்தால்தான் 16. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கட்டளை தோற்றால் டிஸ்க் தரும் பிழைத் தகவலிலும் ஒரு மாற்றம் உண்டு. பழைய வடிவத்தில் பிளாக் எண்ணுக்கு 4 பைட்தான், அதனால் புதிய வடிவம் வந்தது. முதல் பைட் ஹெக்ஸில் 72 அல்லது 73 என்றால் சென்ஸ் கீ (பிழையின் வகையைச் சொல்லும் எண்) 2-ஆம் பைட்டில் இல்லை, 1-ல் இருக்கும் (0-விலிருந்து எண்ணினால்).

சோதிக்கும்போது ஒரே டிஸ்க்கை நம்பாதீர்கள். டிஸ்க்கை உள்ளே வைத்து யுஎஸ்பியில் இணைக்கும் சில வெளிப்பெட்டிகள் 4096 பைட் பிளாக் என்று சொல்லி 32 பிட்டுக்குள்ளேயே சமாளித்துவிடும், அங்கே உங்கள் 16 கட்டளைகளுக்குச் சோதனையே நடக்காது. 512 பைட் சொல்லும் காலி டிஸ்க் ஒன்றில் 2.2 டிபிக்கு அப்பால் எழுதி, பிறகு முதல் சில பிளாக்குகளைப் படித்து, அவை மாறவில்லையே என்று பாருங்கள்.