ஜூஸ் பாக்கெட்டின் பின்பக்கம்

கேள்வி: எங்கள் வீட்டுக்குள் கோலா, சோடா எதுவும் வருவதில்லை. ஏழு வயது மகளுக்கு '100% பழச்சாறு, சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று அச்சிட்ட ஜூஸாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன். காலையில் ஒரு டம்ளர், பள்ளிக்கு ஒரு சின்ன பாக்கெட், சாயங்காலம் விளையாடிவிட்டு வந்ததும் இன்னொரு டம்ளர். போன மாதம் பல் டாக்டர் இரண்டு பற்களில் சொத்தையைக் காட்டி, "இனிப்பாக நிறையக் குடிக்கிறாளா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை என்று இருக்கிறது. முன்பக்கம் சேர்க்கவில்லை என்கிறார்கள், பின்பக்கம் 10 கிராம் என்கிறார்கள். இதில் எது பொய்? சர்க்கரை நோய் உள்ள என் மாமியாரும் 'பழம்தானே' என்று அதையே குடிக்கிறார். இவர்களுக்கு வேறு என்ன கொடுப்பது?

பதில்: இரண்டும் உண்மைதான். அதில்தான் சிக்கலே. வெளியிலிருந்து ஒரு சிட்டிகைகூடப் போடாமல், பழத்தைப் பிழிந்த மாத்திரத்திலேயே அவ்வளவு சர்க்கரை வந்துவிடுகிறது. ஆரஞ்சுச் சாற்றில் 100 மில்லிக்கு 8 முதல் 10 கிராம். ஆப்பிளில் 10 கிராமை ஒட்டி. திராட்சைச் சாற்றில் 15 கிராம் வரைகூடப் போகும். நீங்கள் வீட்டு வாசலைத் தாண்ட விடாத கோலாவில் 100 மில்லிக்கு சுமார் 10.6 கிராம். சர்க்கரை அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை.

உங்கள் மகளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று வேளையும் 200 மில்லி என்று வைத்தால் 600 மில்லி. சர்க்கரை 60 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் 15 தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை, சாற்றில் இருக்கும் சர்க்கரை போன்றவற்றிலிருந்து வர வேண்டும் என்கிறது. 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,500 கலோரி என்று தோராயமாக எடுத்துக்கொண்டால், 10 சதவீதம் என்பது 37 கிராம் சொச்சம். பிஸ்கட், ஜாம், பிறந்தநாள் கேக் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஜூஸ் ஒன்றிலேயே உங்கள் மகள் அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டாள்.

இந்தக் கணக்கில் தேனும் பழச்சாறும், தண்ணீரை நீக்கிக் கெட்டியாக்கிய பழச்சாற்று அடர்கரைசலும் சேர்கின்றன. முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரை சேர்வதில்லை. அதே ஆப்பிள், அதே சர்க்கரை. கடித்துத் தின்றால் கணக்கில் வராது, பிழிந்து குடித்தால் வரும். ஏதோ அதிகாரிகள் போட்ட விசித்திரமான விதி போலத் தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் நம் உடம்பு நடந்துகொள்ளும் விதம் இருக்கிறது.

முழுப் பழத்தில் சர்க்கரை, செல் சுவர்களுக்குள் நார்ச்சத்தோடு சேர்ந்து அடைபட்டிருக்கிறது. மென்று, விழுங்கி, வயிறு அதை உடைத்து வெளியே எடுக்க நேரம் பிடிக்கும். பிழியும்போது அந்தச் சுவர்கள் உடைகின்றன, சக்கை குப்பைக்குப் போகிறது, சர்க்கரைத் தண்ணீர் மட்டும் டம்ளருக்கு வருகிறது. ஒரு டம்ளர் சாறுக்கு இரண்டு மூன்று ஆப்பிள் வேண்டும். உங்கள் மகளை உட்கார வைத்து மூன்று ஆப்பிளை ஒரே மூச்சில் தின்னச் சொல்லுங்கள், பார்க்கலாம். இரண்டாவதிலேயே ஓடிவிடுவாள். அதே மூன்று ஆப்பிளின் சாறு அவள் தொண்டையில் இறங்க ஒரு நிமிஷம் போதும்.

இதை ஆய்வாளர்கள் கடிகாரம் வைத்தே பார்த்திருக்கிறார்கள். 1977-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. பத்துப் பேருக்கு, ஒரே அளவு மாவுச்சத்தும் சர்க்கரையும் கிடைக்கும்படி ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுதாக, மசித்து, சாறாக. முழு ஆப்பிளைவிடச் சாறு 11 மடங்கு வேகமாக உள்ளே போனது. சரி, மெதுவாகக் குடித்தால் பசி அடங்குமா என்று வேகத்தைச் சமமாக்கிப் பார்த்தார்கள். அப்போதும் சாறு குடித்தவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு குறைவுதான். ரத்தத்தில் குளுக்கோஸ் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. ஆனால் சாறுக்கு இன்சுலின் அதிகமாகச் சுரந்தது. அதன் பிறகு குளுக்கோஸ் சட்டென்று கீழே சரிந்தது. முழு ஆப்பிள் தின்றபோது அந்தச் சரிவே இல்லை. காலையில் ஜூஸ் குடித்துவிட்டுப் போகும் பிள்ளை கொஞ்ச நேரத்திலேயே பசி என்று முகம் வாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதற்காகப் பழச்சாறும் கோலாவும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். சாற்றில் வைட்டமின் சி, பொட்டாசியம், ஃபோலேட் உண்டு. கோலாவில் இவை எதற்கும் இடமில்லை. ஆனால் வைட்டமின் சி-க்காகத்தான் ஜூஸ் என்றால், நடுத்தர அளவு ஆரஞ்சு ஒன்றைத் தின்றாலே உங்கள் மகளின் ஒரு நாள் தேவை தீர்ந்துவிடும். நார்ச்சத்து இலவசம்.

பல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பல் டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். வாயில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலை அரிக்கும். பழச்சாறோ தானே ஒரு அமிலம். பெரும்பாலான சாறுகளின் பிஹெச் அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கும், 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் இதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது எடுத்துக்கொள்ளும். அதற்குள் அடுத்த மடக்கு குடித்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஆகவே எவ்வளவு குடிக்கிறாள் என்பதோடு எத்தனை தடவை குடிக்கிறாள் என்பதும் முக்கியம். பள்ளியில் ஸ்ட்ரா வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் அந்தச் சின்ன பாக்கெட்தான் மூன்றிலும் மோசமானது என்பேன். முதலில் அதை நிறுத்துங்கள். இன்னொன்று: ஜூஸ் குடித்த கையோடு பல் தேய்க்க வைக்காதீர்கள். அமிலத்தில் மெத்தென்று ஆகியிருக்கும் எனாமலை பிரஷ் தேய்த்தெடுத்துவிடும். தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, அரை மணி கழித்துத் தேய்க்கட்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2017-ல் ஒரு வரம்பு சொன்னது. ஒரு வயது முடியும் வரை பழச்சாறே வேண்டாம். மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம். ஆறு வயது வரை அதிகபட்சம் 180. ஏழு வயதிலிருந்து 240. இது 'இவ்வளவு கொடுங்கள்' என்பதற்கான அளவு இல்லை, 'இதைத் தாண்டாதீர்கள்' என்பதற்கானது. நிறையப் பெற்றோர் அதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள்.

லேபிளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது அல்லவா, அதை விடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது குறைந்தபட்சம் முழுச் சாறு. அதே அலமாரியில், அதே பழப் படத்தோடு, 'நெக்டர்', 'டிரிங்க்' என்ற பெயர்களில் நிற்பவை வேறு ரகம். நெக்டரில் பழத்தோடு தண்ணீரும் பெரும்பாலும் சர்க்கரையும் சேரும். பழ டிரிங்கில் பழம் பெயருக்குத்தான் இருக்கும். பொருட்களின் பட்டியல் எடையின் வரிசையில் எழுதப்படுவதால், முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே கதை தெரிந்துவிடும். சர்க்கரை என்ற பெயரில்தான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், கார்ன் சிரப், இன்வெர்ட் சிரப் எல்லாம் அதன் உறவுக்காரர்கள்தான். ஒரே பானத்தில் மூன்று பேரைப் பிரித்துப் போட்டால், ஒவ்வொருவரும் பட்டியலில் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்வார்கள். எல்லாரையும் விடச் சாமர்த்தியமான ஆள், ஆப்பிள் அல்லது வெள்ளைத் திராட்சைச் சாற்றின் அடர்கரைசல். பழத்தின் பெயரைத் தாங்கியிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கெட்டியாக்கும்போது தண்ணீரோடு பழத்தின் மணமும் போய்விட்டால், அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் இனிப்புதான்.

இன்னொரு இடம், 'ஒரு பரிமாறலுக்கு' என்று கொடுக்கும் எண். பாக்கெட்டில் 250 மில்லி இருக்கும், பரிமாறல் 100 மில்லி என்று போட்டிருப்பார்கள். எந்தக் குழந்தை 100 மில்லியில் நிறுத்தி மீதியை மூடி வைக்கிறது? எப்போதும் 100 மில்லி வரிசையைப் பார்த்து, டம்ளரின் அளவால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு போட்ட பானங்கள் தீர்வாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது. குழந்தையைப் பொறுத்தவரை என் தயக்கம் வேறு: குடிப்பதெல்லாம் இனிக்க வேண்டும் என்ற நாக்கின் எதிர்பார்ப்பு அப்படியே இருக்கும்.

அப்புறம் என்னதான் கொடுப்பது? தாகத்துக்குத் தண்ணீர். சாப்பாட்டோடு அல்லது மாலையில், சர்க்கரை போடாத பால். சுவை வேண்டும் என்று அடம்பிடித்தால் தண்ணீர் ஜாடியில் ஆரஞ்சு வில்லையோ புதினா இலையோ போட்டு வையுங்கள். சாறு கேட்கும் நேரத்தில் நறுக்கிய பழம். வீட்டிலேயே பிழிந்தால் பரவாயில்லையா என்று கேட்டால், சக்கையை வடிகட்டி எறிகிற வரை அதுவும் கடைச் சாறும் சர்க்கரை விஷயத்தில் அண்ணன் தம்பிதான். வடிகட்டாமல் முழுப் பழத்தை அடித்துக் கொடுத்தால் நார் தங்கும், கொஞ்சம் மேல். கடித்துத் தின்பதற்கு அது ஈடாகாது.

நாளைக் காலையே எல்லாவற்றையும் நிறுத்தினால் வீட்டில் போர்க்களம்தான். பள்ளி பாக்கெட்டை மட்டும் உடனே நிறுத்தி, தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள். சாயங்கால டம்ளரில் முதல் வாரம் கால் பங்கு தண்ணீர், அடுத்த வாரம் பாதி, அப்புறம் முக்கால். நாக்கு பழகிவிடும், சில வாரங்களில் பழைய ஜூஸ் அவளுக்கே திகட்டக்கூடும். காலை ஜூஸை வாரக் கடைசிக்குத் தள்ளி, அதையும் சாப்பாட்டோடு சேர்த்து, சின்ன டம்ளரில் கொடுங்கள். நீங்களும் உங்கள் கணவரும் என்ன குடிக்கிறீர்கள் என்பதையும் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் மாமியார் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தினசரி ஜூஸ் அவருக்கு வேண்டாம். 'பழம்தானே' என்ற அவர் வாதத்துக்கு 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு பதில் சொல்கிறது. அமெரிக்காவில் சுமார் 1,87,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், திராட்சை, ஆப்பிள், புளூபெர்ரி போன்ற முழுப் பழங்களை அதிகம் தின்றவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் அபாயம் குறைவாக இருந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்கு அது கூடுதலாக இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகள் தொடர்பைத்தான் காட்டும், இதனால்தான் அது என்று நிரூபிக்காது. ஆனாலும் பழமும் சாறும் எதிரெதிர்த் திசையில் போனதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். டாக்டர் அனுமதித்த அளவில் பழத்தைத் தின்னட்டும். சிறுநீரகப் பிரச்சினையும் இருந்தால் பொட்டாசியம் காரணமாகப் பழத்திலும் கட்டுப்பாடு வரலாம். அதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு சின்ன பாக்கெட் மட்டும் அவருக்காக வீட்டில் இருக்கட்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், சில வகைச் சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் திடீரென்று ரத்த சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டும். அந்த நேரத்தில் வேகமாக ரத்தத்தில் கலக்கும் சர்க்கரை சுமார் 15 கிராம் தேவை. 120 முதல் 150 மில்லி பழச்சாறு அதைக் கொடுத்துவிடும். 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அவர் சாப்பிடும் மாத்திரை இந்த வகையில் சேருமா என்று அடுத்த முறை போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். சேரும் என்றால், அந்தப் பாக்கெட்டை உங்கள் மகளின் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.