வீட்டு இங்க்ஜெட்டில் நிறம் பிசகுகிறதா? கேள்வி பதில்

இங்க்ஜெட் பிரிண்டர் பழுது பார்ப்பதே என் தொழில். படத்தில் நிறம் மாறி வருவது பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

திருச்சி ஆசிரியை: மகளின் வளைகாப்புப் படங்களை அச்சிட்டேன், ஐயா. எல்லார் முகமும் சிவந்து கிடக்கிறது. என் அப்பாவின் வெள்ளை வேட்டிகூட இளஞ்சிவப்பாக வந்திருக்கிறது. நான்கு தொட்டிகளிலும் மை நிறைய இருக்கிறதே?

அம்மா, அந்த வேட்டியை உற்றுப் பாருங்கள். மடிப்பில் விழும் சாம்பல் நிழலைப் பிரிண்டர் பெரும்பாலும் கறுப்பு மையால் மட்டும் போடுவதில்லை. சியான் (வெளிர்நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றையும் பொடிப் புள்ளிகளாகத் தெளித்துத்தான் சாம்பலை உண்டாக்குகிறது. அதில் சியான் விழாமல் போனால் மற்ற இரண்டும் சேர்ந்து சிவப்பாகிவிடும். மெஜந்தா நின்றால் படத்தில் பச்சை ஏறும். மஞ்சள் நின்றால் நீலம் ஏறும். உங்களுக்குச் சியான் அடைத்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தொட்டியில் மை இருப்பது வேறு, மையைத் தெளிக்கும் அச்சுத் தலையின் துளை வழியே அது இறங்குவது வேறு. தலைமுடியைவிட மெல்லிய துளைகள் அவை. சில வாரம் அச்சிடாமல் விட்டாலே மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். பிரிண்டரின் பராமரிப்புப் பகுதியில் 'நாசில் செக்' இருக்கும். சாதாரணத் தாளில் அதை எடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் படிக்கட்டுபோல் சிறு கோடுகள் வரும். எந்த நிறத்தில் படி விட்டுப்போயிருக்கிறதோ அதுதான் அடைப்பு.

அடைப்பு தெரிந்தால் அதே பகுதியில் தலையைச் சுத்தம் செய்யும் 'ஹெட் கிளீனிங்' ஒருமுறை, பிறகு மறுபடி நாசில் செக். தேறவில்லையா, இன்னொருமுறை. அதோடு நிறுத்திவிடுங்கள். பிரிண்டரை அணைத்து 12 மணி நேரம் விட்டால் காய்ந்த மை ஊறி இளகும். பத்துமுறை கிளீனிங் கொடுத்துவிட்டு என்னிடம் கொண்டுவருகிறவர்கள் மிகப் பலர். ஒவ்வொரு கிளீனிங்கிலும் மை உறிஞ்சப்பட்டு, உள்ளேயிருக்கும் கழிவு மைப் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்ததாகக் கணக்கு வந்தால் பிரிண்டர் அச்சிடவே மறுத்துவிடும். மை தொட்டியின் கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தால் குழாயில் காற்றும் புகுந்துவிடும்.

சேலம்: ஊசியால் ஸ்பிரிட் ஏற்றித் தலையைக் கழுவலாமா?

கூடாது. அழுத்தத்தில் உள்ளே இருக்கும் ஒட்டுகள் பிரிந்து நிறங்கள் கலந்துவிடும்.

காஞ்சிபுரம், பட்டுச்சேலை விற்பவர்: ராயல் நீலச் சேலை திரையில் அப்படியே தெரிகிறது. அச்சிட்டால் ஊதாவாகிறது. நாசில் செக் முழுமையாக வருகிறது.

நாசில் செக் எடுத்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி. உங்கள் பிரிண்டரில் பழுது ஏதுமில்லை. திரை ஒளியை உமிழ்ந்து நீலத்தைக் காட்டுகிறது. தாளில் சியானும் மெஜந்தாவும் சேர்ந்துதான் நீலம் பிறக்க வேண்டும். திரையின் பளீர் நீலம் இந்த மைகளின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எல்லையைத் தாண்டிய நிறத்தை உள்ளே இழுக்கும்போது அது மெஜந்தா பக்கம் சாய்கிறது. படத்தில் நீலத்தின் செறிவைக் கொஞ்சம் குறைத்து, சாயலைச் சியான் பக்கம் சிறிது தள்ளுங்கள். பெரிய தாளை வீணாக்காமல், சேலையின் முந்தானைப் பகுதியை மட்டும் சிறு துண்டில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் துணியோடு வைத்துப் பாருங்கள். குழல்விளக்கின் கீழ் ஒத்துப்போகும் நிறம் வாசலில் ஒத்துப்போகாமல் போகலாம்.

சிவகாசி, அச்சக வடிவமைப்பாளர்: இதற்கு இவ்வளவு விளக்கம் எதற்கு? படத்தை சிஎம்ஒய்கே, அதாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைக் கணக்காக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். இருபது ஆண்டுகளாக நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அச்சகத்தின் ஆஃப்செட் இயந்திரத்துக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அங்கே நான்கு தட்டுகள். எந்தத் தட்டில் எவ்வளவு மை என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். வீட்டு இங்க்ஜெட்டின் டிரைவர் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) எதிர்பார்ப்பது ஆர்ஜிபி, அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கு. தன் மைக்கும் தாளுக்கும் ஏற்றபடி பிரிப்பதை அதுவே செய்கிறது. நீங்கள் சிஎம்ஒய்கே கொடுத்தால் அது வழியில் மறுபடி ஆர்ஜிபி ஆகி, பிறகு மையாகப் பிரிகிறது. இரண்டாவது மாற்றத்துக்கு முன்பே பல நிறங்கள் போய்விடுகின்றன.

சிவகாசி: மையே சிஎம்ஒய்கே தானே! ஆர்ஜிபி எங்கிருந்து வந்தது?

மை அதுதான், ஐயா. டிரைவருக்குள் நுழையும் வாசல் வேறு. டிரைவருக்குப் பதிலாக மைப் பிரிப்பைச் செய்யும் ரிப் மென்பொருளைத் தனியாகப் போட்டவர்களுக்கு மட்டுமே நேரடி சிஎம்ஒய்கே பொருந்தும். ஒரே படத்தை இரண்டு விதமாகவும் அச்சிட்டுப் பாருங்கள். வாழையிலைப் பச்சை உள்ள படமாக எடுங்கள்.

ஈரோடு: நான் இரண்டும் அச்சிட்டுப் பார்த்தேன். சிஎம்ஒய்கே படத்தில் பச்சை மங்கல். ஆர்ஜிபி நன்றாக இருக்கிறது, ஆனால் மெஜந்தா தூக்கலாக இருக்கிறதே?

உங்கள் படத் தொகுப்பு மென்பொருளும் நிறத்தைத் திருத்துகிறது, பிரிண்டர் டிரைவரும் திருத்துகிறது. ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியர் தனித்தனியே மருந்து கொடுத்த கதை. ஒன்றை அணையுங்கள். மென்பொருளில் உங்கள் தாளுக்குரிய புரொஃபைல் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) இருந்தால் டிரைவரின் நிறத் திருத்தத்தை நிறுத்துங்கள். இல்லையென்றால் பொறுப்பை டிரைவரிடமே விடுங்கள்.

சிவகாசி: என் வீட்டுப் பிரிண்டரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

காத்திருக்கிறேன். ஆஃப்செட் தெரிந்தவர் பார்த்துச் சொன்னால் எல்லாருக்கும் பயன்.

கரூர்: என் படத்திலும் முகம் சிவப்பாக வருகிறது, என்ன செய்ய?

முதல் பதிலைப் படியுங்கள்.

நாகர்கோவில்: மஞ்சள் வரவில்லை. ஏழுமுறை கிளீனிங் கொடுத்துவிட்டேன்.

எட்டாவது வேண்டாம். அணைத்துவிட்டு நாளை நாசில் செக் எடுங்கள்.

தஞ்சாவூர்: லேசர் பிரிண்டரில் நிறம் வெளுக்கிறது.

லேசரில் டோனர், டிரம் என்று வழியே வேறு. அந்தத் துறையில் இருப்பவரிடம் காட்டுங்கள்.

விருதுநகர் மாணவர்: அண்ணா, போட்டோ தாளில் மை திட்டுத்திட்டாக நிற்கிறது, தொட்டால் வழிகிறது.

தம்பி, தாளைப் புரட்டிப் போட்டிருக்கிறாய். ஒரு மூலையை ஈரவிரலால் தொட்டுப் பார். பூச்சுள்ள பக்கம் விரலில் லேசாக ஒட்டும். அந்தப் பக்கத்தில்தான் அச்சு விழ வேண்டும். அமைப்பில் தாள் வகையும் 'போட்டோ' என்று இருக்கட்டும். சாதாரணத் தாள் என்று விட்டால் மையின் அளவே மாறிவிடும்.

மதுரை: மெஜந்தாவைச் சியான் தொட்டியில் ஊற்றிவிட்டேன். ஒரு படமும் அச்சிடவில்லை.

அச்சிடவும் வேண்டாம், கிளீனிங்கும் வேண்டாம், இயக்கவே வேண்டாம். கலந்த மை இன்னும் குழாய்க்குள் ஏறாமல் இருக்கலாம். சாய்க்காமல் சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள். தொட்டியை மட்டும் கழுவினால் தீரும் வேலை, இயக்கிவிட்டால் குழாய், தலை என்று நீளும்.

கரூர்: படித்தேன். ஆனால் என் பிரிண்டர் புதிது, அடைப்பு இருக்காது.

புதிதிலும் அடைக்கும். நாசில் செக் எடுக்க ஒரு தாள்தான் செலவு. எடுத்த பிறகு எழுதுங்கள்.

திருச்சி ஆசிரியை: எடுத்துப் பார்த்தேன், ஐயா. சியானில் பாதிப் படிகள் இல்லை. இரண்டுமுறை கிளீனிங் செய்தபின் மூன்று படிகள்தான் விட்டுப்போயிருக்கின்றன.

நல்லது, அம்மா, இளகத் தொடங்கிவிட்டது. இன்று இனி தொடாதீர்கள். பொத்தானை அழுத்தி அணையுங்கள். சுவர் சுவிட்சை நேரடியாக நிறுத்தினால் தலை தன் மூடியில் போய் உட்காராது. நாளைக் காலையில் முதலில் நாசில் செக், பிறகு சாதாரணத் தாளில் அப்பாவின் படம். வேட்டி வெள்ளையாக வந்தபின் போட்டோ தாளை எடுங்கள்.