தலசீமியாவும் இரும்பும்: செவிலியரின் பதில்கள்

(தலசீமியா என்பது சிவப்பணுக்கள் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தநோய். ரத்தநோய்ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய செவிலியர் வாசகர்களுக்குப் பதில் அளிக்கிறார்.)

ஈசூன் வாசகி: மகனுக்கு 16 வயது. மாதந்தோறும் ரத்தம் ஏற்றுகிறோம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான ஃபெரிட்டின் 1,100தான். எம்ஆர்ஐ எதற்கு?

அம்மா, ஒரு பை ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு இருக்கிறது. உடல் தானாக இழப்பதோ நாளுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம். மிச்சம் ஈரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படிகிறது. ஃபெரிட்டின் காய்ச்சலிலும் ஏறும். இரும்பு எந்த உறுப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது டி2 ஸ்டார் எனும் எம்ஆர்ஐ அளவு. இரும்பு கூடக் கூட இந்த எண் குறையும். இதயத்தில் 20 மில்லிசெகண்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 10க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து மிக அதிகம். பதின்ம வயதில் பிள்ளைகள் இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தவறவிடுவார்கள். பிறகு திருந்தி ஒழுங்காக எடுப்பார்கள். அப்போது ஈரல் சில மாதங்களிலேயே தெளியத் தொடங்கும், ஃபெரிட்டினும் இறங்கும். இதயத்துக்கோ ஆண்டுகள் ஆகும். மகனின் 1,100ஐ நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஜூரோங் வாசகர்: எனக்கு ஃபெரிட்டின் 900. எம்ஆர்ஐ வேண்டாம் அல்லவா?

மேலே சொன்னதைப் படியுங்கள், ஐயா. வேண்டும்.

உட்லண்ட்ஸ் வாசகி: எனக்குத் தலசீமியா மரபணு மட்டும் இருக்கிறது. இரும்பு மாத்திரை சாப்பிடலாமா?

ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் மட்டும். சோகை என்றதும் மாத்திரை வாங்காதீர்கள்.

தெம்பனிஸ் வாசகர்: முருங்கைக்கீரையை நிறுத்தவேண்டுமா?

ரத்தம் ஏற்றிக்கொள்பவருக்குக் கீரை சிறு பங்கு. மருந்தைத் தவறவிடாதீர்கள்.

ஜூரோங் வாசகர் (மீண்டும்): எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுத்தேன், இதயம் நன்றாகத் துடிக்கிறது என்றார்கள். நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

ஐயா, எக்கோ காட்டுவது இதயம் எப்படி இயங்குகிறது என்பதை. அதில் எவ்வளவு இரும்பு படிந்திருக்கிறது என்பதை அல்ல. துடிப்பு தளர்வது கடைசியில்தான். அதற்கு முன்பே கண்டுபிடித்தால் மருந்தைக் கூட்டி இதயத்தைக் காப்பாற்றலாம்.

ஈசூன் வாசகி: அவர் கேட்டதுதான் எங்கள் வீட்டிலும் வாக்குவாதம். கணவரும் எக்கோ போதும் என்கிறார்.

இந்தப் பதிலைக் கணவரிடம் படித்துக் காட்டுங்கள், அம்மா.

பிடோக் வாசகர்: இரும்பை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் மாத்திரை எடுக்கிறேன், நேற்றிலிருந்து காய்ச்சல்.

தம்பி, மாத்திரையை நிறுத்திவிட்டு இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த மருந்தால் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனை உடனே தேவை.

ஜூரோங் வாசகர்: சரி, எம்ஆர்ஐக்குப் பதிவு செய்கிறேன். என்ன கேட்கவேண்டும்?

மகிழ்ச்சி, ஐயா. இதயத்துக்கும் ஈரலுக்கும் தனித்தனி எண்களைக் கேட்டு எழுதி வையுங்கள்; அடுத்த எம்ஆர்ஐயில் ஒப்பிட உதவும்.