இன்ஜின் இறக்காம பேரிங் மாத்தலாமா?

கேள்வி: என் பழைய மாருதி 800-ல சூடானதும் ஐடிலிங்ல ஆயில் லைட் மினுக்குது, ஆக்சிலேட்டர் குடுத்தா கீழருந்து டொக்கு டொக்குனு சத்தம். பேரிங் மட்டும் மாத்தினா போதுமா சார்? (வாசகர், தேனி)

பதில்: போதும், இன்ஜினை இறக்காமலே மாத்தலாம், ஆனா கிராங்க் (பிஸ்டனோட ஏற்ற இறக்கத்தை சுத்தா மாத்துற தண்டு) நல்லா இருந்தாத்தான். முதல்ல ஒவ்வொரு பிளக் ஒயரா கழட்டிப் பாருங்க, எதைக் கழட்டினா சத்தம் குறையுதோ அந்த சிலிண்டரோட கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்க்கோட இணைக்கிற தண்டு) பேரிங்தான் தேஞ்சிருக்கும். ஆயில் பிரஷரையும் தனி கேஜ் போட்டு பாத்துடுங்க, லைட்டை மட்டும் நம்பாதீங்க. அப்புறம் ஆயில் சம்ப்பை (இன்ஜினுக்கு அடியில இருக்குற ஆயில் தொட்டி) இறக்கி, ராடு கேப்பை (ராடை கிராங்க்கோட பிடிச்சு வைக்கிற கீழ்ப்பாதி மூடி) ஒவ்வொண்ணா கழட்டணும், ஒண்ணோட கேப் இன்னொண்ணுல போகவே கூடாது, திசையும் மாறக்கூடாது. இப்போ கிராங்க் மேல நகத்தை வச்சு இழுங்க, வழுக்கிட்டுப் போனா அதே சைஸ் புது பேரிங் போடலாம், கீறல் கோட்டுல நகம் மாட்டுச்சுன்னா புதுசு போட்டும் வீண், இன்ஜினை இறக்கி, கிராங்க்கை லேத் பட்டறைல குடுத்து கிரைண்டிங் பண்ணி, 0.25 மி.மீ அண்டர்சைஸ் பேரிங் (கிராங்க் தேய்ஞ்ச அளவுக்கு ஏத்த மாதிரி உள்விட்டம் குறைஞ்சது) போட்டே ஆகணும். இதுல தயவுசெஞ்சு சமாளிக்காதீங்க, சில மெக்கானிக் எமரி பேப்பர் போட்டு தேய்ச்சு மூடிடுவாங்க, ரொம்ப நாள் தாங்காது. ராடு கேப் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) வச்சுதான் டைட் பண்ணணும். சம்ப் இறங்கினதோட ஆயில் பம்ப்பையும் பாத்துடுங்க, புது ஆயில், ஃபில்டர் போட்டு 500 கி.மீ-ல மறுபடி மாத்திடுங்க.